பழைய பணப்பையும் புதுப்பிக்கும் அச்சமும்

கேள்வி: பரந்தனில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். வெளிநாட்டு உறவினர் அனுப்பிய பிட்கொயின் என்ற இணைய நாணயத்தை மடிகணினியில் வைத்திருப்பவர்கள், அதைக் கையாளும் பணப்பை மென்பொருளைப் புதுப்பிக்க அஞ்சுகிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: அந்த அச்சத்தை நான் குறைகூற மாட்டேன். 2018 டிசம்பரில் இலெக்ட்ரம் (Electrum) என்ற பிட்கொயின் பணப்பை மென்பொருளின் பழைய பதிப்புகளில், பணம் அனுப்ப முயன்ற வேளையில், மோசடிக்காரரின் சேவையகங்களிலிருந்து ‘புதுப்பியுங்கள்’ என்ற செய்தி திரையில் தோன்றியது. அதை நம்பிப் போலி மென்பொருளை நிறுவியவர்கள் பிட்கொயினைப் பறிகொடுத்தார்கள். அச்செய்திக்கு இடங்கொடுத்தது பழைய பதிப்பின் குறையே என்பதைப் பொறுமையாக விளக்குங்கள். கணினி பழுதானாலும் பணப்பையைத் திரும்பப் பெற உதவும் மீட்புச் சொற்கள் அனைத்தையும் முதலில் அவர்களே வீட்டில் தாளில் எழுதி, உங்களுக்கும் காட்டாமல், பத்திரப்படுத்தட்டும். பிறகு, திரையில் வரும் எந்த இணைப்பையும் தொடாமல், அதிகாரபூர்வ இணையத்தள முகவரியை அவர்கள் கையாலேயே தட்டச்சுச் செய்யவைத்து, புதிய பதிப்பைத் திறந்ததும் இருப்புத் தொகை குறையாமல் இருப்பதை உங்கள் மேசையிலேயே பார்க்கச் செய்யுங்கள்.