ஓகஸ்ட் லீவுக்கு மூன்று நாள்: பாசிக்குடாவா, அறுகம்குடாவா, வாவியா?

கேள்வி: நான் மட்டக்களப்பில் ஆசிரியை. வழமையாக ஓகஸ்ட் லீவுக்கு நுவரெலியா போவோம். இந்த முறை செலவைப் பார்த்து, மூன்று நாளும் நம் பக்கத்திலேயே தங்கிச் சுற்றலாம் என்று முடிவெடுத்திருக்கிறோம். மகனுக்கு 13 வயது, கயாக், சேர்ஃபிங், டைவிங் எல்லாம் கேட்கிறான். மகளுக்கு 7 வயது, நீந்தத் தெரியாது. மாமிக்கு 68, முழங்கால் வலி. ஹோட்டேல் பஃபே வேண்டாம், நம்மூர்ச் சாப்பாடுதான் வேண்டும் என்கிறார் கணவர். ஒரு நாள் பாசிக்குடா, ஒரு நாள் அறுகம்குடா, ஒரு நாள் இங்கினியாகலை என்று போட்டு வைத்திருக்கிறேன். சரிவருமா?

பதில்: சரிவராது டீச்சர். பாசிக்குடா உங்களுக்கு வடக்கே 35 கிலோமீற்றர் அளவில். அறுகம்குடா தெற்கே நூறைத் தாண்டும். இங்கினியாகலை தென்மேற்கே, அம்பாறை நகரையும் கடந்து போகவேண்டும். மூன்றையும் மூன்று நாளில் கோத்தால் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது வான் ஜன்னலும் சத்திப் பையும்தான். மாமியின் முழங்கால் என்ன பாடுபடும் என்பதைச் சொல்லவே வேண்டாம். இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இந்த ஓட்டமெல்லாம் காலையில்தான் நடக்கும். ஓகஸ்டில் நம் பக்கம் தண்ணீரில் இறங்க உருப்படியான நேரமும் அந்தக் காலைதான்.

ஆகவே இடங்களின் பட்டியலைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, காற்றைப் பார்த்து நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கச்சான் காற்று உங்களுக்குப் புதிதல்ல. கொடியில் போட்ட உடுப்பு கண் மூடித் திறப்பதற்குள் காய்ந்துவிடும், உதடு வெடிக்கும், பிள்ளைகள் காரணமில்லாமல் சிணுங்கும். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டிலே மழையைக் கொட்டிவிட்டு, வறண்டு சூடேறி நம் பக்கம் இறங்குவதுதான் இது. விடியற்காலையில் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். வெயில் ஏற ஏற எழும். தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரத்து அலையை அமுக்கிவிடும். பார்க்கிறவருக்குக் கடல் குளம் மாதிரித் தெரியும். ஆபத்தும் அங்கேதான். காற்றடைத்த வளையத்திலோ பிளாஸ்டிக் வாத்திலோ உங்கள் மகள் இருந்தால், அது கரைக்கு ஒதுங்காது, வெளிக்கடலுக்குத்தான் போகும். பெரியவர் ஒருவர் நீந்திப் பிடிக்கிற வேகத்தைவிட அது வேகமாகப் போகும். அந்தச் சாமானை வாங்கவே வேண்டாம். ஏற்கெனவே இருந்தால் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

மட்டக்களப்பு வாவியிலும் இதே கணக்குத்தான். மேற்கிலிருந்து காற்று வீசும்போது மேற்குக் கரையான படுவான்கரை ஓரம் அமைதியாக இருக்கும். அகலமான தண்ணீரைக் கடந்து வரும் காற்றால் கிழக்குக் கரையான எழுவான்கரைப் பக்கம் அலையடிக்கும். கயாக்கில் புறப்படும்போது முதலில் காற்றை எதிர்த்தே துடுப்புப் போடுங்கள். திரும்பி வரும்போது கை சோர்ந்திருக்கும், அப்போது காற்றே தள்ளிக்கொண்டு வந்துவிடும். 13 வயதுப் பையன்கள் இதை நேர்மாறாகத்தான் செய்வார்கள். காற்றோடு ஜோராகப் போய்விட்டு, திரும்ப முடியாமல் நடுவாவியில் நிற்பார்கள்.

சரி, என் திட்டம் இது. முதல் இரண்டு இரவும் கல்குடா, பாசிக்குடாப் பக்கம் ஒரே இடத்தில் தங்குங்கள். மூன்றாம் இரவு உங்கள் வீட்டுக் கட்டிலிலேயே. மறுநாள் விடியற்காலை வாவியோடு முடித்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணி முதல் ஒன்பதரை வரை தண்ணீர். பதினொன்றிலிருந்து மூன்றரை வரை நிழல், சாப்பாடு, நித்திரை. நாலரைக்குப் பிறகு கடற்கரை. மத்தியானம் ஏதாவது பார்க்கக் கிளம்பலாமா என்று கணவர் கேட்டால், கேட்காத மாதிரி இருந்துவிடுங்கள்.

போவதற்கு வான் பிடிக்கவேண்டிய அவசியமும் இல்லை. மட்டக்களப்பிலிருந்து கல்குடாவுக்கு ரெயில் இருக்கிறது. ரெயிலில் அதிகம் போகாத பிள்ளைகளுக்கு அதுவே ஒரு விளையாட்டு. ஸ்டேசனிலிருந்து ஓட்டோவில் போய்விடலாம். நேர அட்டவணையை முதல் நாளே ஸ்டேசனில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தங்குமிடம் பார்க்கும்போது நீச்சல் குளத்துக்கும் ஏசிக்கும் காசு கொடுப்பதைவிட, குசினியைப் பாவிக்க விடும் கெஸ்ட் ஹவுஸ் ஒன்றைத் தேடுங்கள். அல்லது வாங்கிக் கொடுப்பதைச் சமைத்துத் தரும் இடமாகப் பாருங்கள். மாமிக்குக் கீழ்த்தளத்து அறை, மேல்நாட்டுக் கொமோட். இந்த இரண்டையும் ஃபோனில் கேட்டு உறுதிப்படுத்தாமல் முற்பணம் போடவேண்டாம். சனி, ஞாயிறு, போயா நாட்களில் பாசிக்குடாவுக்கு வெளியூர் பஸ்கள் வந்து குவியும். கிழமை நாட்களில் போனால் கடலும் உங்களுக்குக் கிடைக்கும், அறை வாடகையும் குறைத்துக் கேட்கலாம். ஆடி அமாவாசை எந்தத் திகதியில் வருகிறது என்று கலண்டரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அன்று நடக்கும் மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தத்தை விட்டுவிட்டு மாமி பாசிக்குடாவுக்கு வருவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

பாசிக்குடா, கல்குடா இரண்டையும் ஒன்றாக நினைக்காதீர்கள். பாசிக்குடா பவளப்பாறையால் மறைக்கப்பட்ட வளைகுடா. வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவைத் தாண்டாது. மகளுக்கு ஏற்ற இடம் அது. அவள் முகத்தைத் தண்ணீரில் முக்கி ஊதிப் பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் இலங்கையில் குறைவு. பக்கத்தில் இருந்தாலும் கல்குடாக் கடற்கரை திறந்த கடல். அங்கே இழுப்பு உண்டு. மாலையில் நடக்க, மண் வீடு கட்ட, மாமி கதிரை போட்டு இருக்க, கல்குடா. குளிக்க பாசிக்குடா. உடைந்த பவளத் துண்டு காலைக் கிழிக்கும் என்பதால் எல்லோருக்கும் பழைய கன்வஸ் சப்பாத்து எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்நோர்க்கலிங் போகிற பிள்ளைக்குப் பாறையில் கால் வைக்கவேண்டாம் என்று முதலே சொல்லி வையுங்கள். கால் வெட்டும், பவளமும் செத்துப்போகும்.

லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கறாராக இருங்கள். படகுக்காரர் ஒன்றை எடுத்து மகளின் தலையில் மாட்டிவிட்டு "சரி மிஸ்" என்பார். சரியில்லை. எல்லாப் பட்டியையும் இறுக்கிவிட்டு, தோள்பட்டை இரண்டையும் பிடித்து ஜாக்கெட்டை மேலே தூக்கிப் பாருங்கள். அது நாடிக்கும் காதுக்கும் ஏறினால் அவளுக்குப் பெரிது. தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மிதக்கும், பிள்ளை அதற்குள்ளே வழுக்கிக் கீழே போகும். சிறுவர் அளவும், கால் இடுக்கால் வரும் பட்டியும் இருக்கவேண்டும். இல்லையென்றால் அந்தப் படகு வேண்டாம், அடுத்ததைப் பாருங்கள். கையில் மாட்டும் காற்றுப்பை ஜாக்கெட்டுக்குப் பதிலாகாது.

இனி மகனின் பட்டியல். டைவிங் என்றதும் அவன் மனதில் 'ஹேர்மஸ்' இருக்கும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் நம் கடலில் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் அது. கிடப்பது 50 மீற்றருக்கும் கீழே. பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையே 40 மீற்றர்தான். தனிப் பயிற்சி எடுத்தவர்களுக்கு மட்டுமே ஹேர்மஸ். பத்து வயது தாண்டிய பிள்ளைகளுக்கு, பயிற்சியாளர் கையைப் பிடித்துக்கொண்டே போகும் அறிமுக டைவ் உண்டு, அதிகபட்சம் 12 மீற்றர் வரை. தகுதிச் சான்று உள்ள பயிற்சியாளரும் அமைதியான கடலும் சேர்ந்து கிடைத்தால் செய்யட்டும். தடிமன், காது அடைப்பு இருக்கிற அன்று கூடாது.

சேர்ஃபிங்தான் வேண்டும் என்று அவன் ஒற்றைக்காலில் நின்றால், பாசிக்குடாவை விட்டுவிட்டு மூன்று இரவையும் அறுகம்குடா இருக்கும் பொத்துவிலிலே போடுங்கள். பாதிப் பாதி வேண்டாம். ஏப்ரலிலிருந்து ஒக்டோபர் வரை அங்கே அலைக் காலம். ஓகஸ்டில் ஆட்களும் அதிகம், வாடகையும் அதிகம். பெயர்போன மெயின் பொயின்ட் பழகுகிறவனுக்கு உரிய இடமில்லை. பேபி பொயின்டில் வகுப்பு எடுக்கச் சொல்லுங்கள். அவன் அலையில் விழுந்தெழும்பும் நேரத்தில் நீங்கள் மூவரும் பொத்துவில் களப்பில் மீனவர் ஓட்டும் தோணியில் கண்டல் காட்டுக்குள் போய்வரலாம். அது ஆடாமல் அசையாமல் போகும், மாமிக்கும் பிடிக்கும். ஆனால் களப்பு ஓரத்தில் கை கால் கழுவக்கூட இறங்காதீர்கள். 2017இல் அந்தப் பக்கம் வெளிநாட்டு இளைஞர் ஒருவர் முதலையிடம் உயிரை விட்டார். நம் மட்டக்களப்பு வாவியிலும் முதலை உண்டு; கயாக் போகலாம், குளிக்கக்கூடாது.

இங்கினியாகலைப் படகுச் சவாரி அருமையானதுதான். சேனநாயக்க சமுத்திரம் என்ற அந்தப் பெரிய நீர்த்தேக்கத்தில் தீவுக்குத் தீவு யானை நீந்திப் போவதைப் படகிலிருந்து பார்க்கலாம். ஆனால் அதற்கு விடிய முதலே அங்கே இருக்கவேண்டும், அதாவது அம்பாறையில் ஓர் இரவு தங்கவேண்டும். ஏப்ரல் லீவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். குடும்பிமலை ஏறுவதும் இந்த வெயிலில் வேண்டாம். யானை நடமாடும் காடு வேறு.

சாப்பாட்டுக்கு வருகிறேன். உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. விடிந்ததும் வாழைச்சேனைப் பக்கம் ஓட்டோவில் போய் மீன் வாங்கச் சொல்லுங்கள். மகனையும் கூட்டிப்போகட்டும், தண்ணீர் விளையாட்டுக்கு ஒரு நாள் காலை மட்டும் அப்பா, மகன் இருவரும் பிந்தினால் பரவாயில்லை. பாரை, சூடை, இறால், நண்டு என்று கிடைப்பதைப் பார்த்துத்தான் சமையலைத் தீர்மானிக்கவேண்டும், முதல் நாளே மெனு போட்டால் ஏமாற்றம்தான். நண்டைக் கையில் தூக்கிப் பார்க்கவேண்டும். ஒரே அளவில் இரண்டு இருந்தால் கனமானதை எடுங்கள். வயிற்றுப் பக்கத்து ஓட்டைப் பெருவிரலால் அமத்தும்போது உள்ளே போனால் அது சோடை. ஓடு மாற்றி அதிகநாள் ஆகவில்லை, சதை இருக்காது, தண்ணீர்தான் இருக்கும். நிலாக் காலத்து நண்டு சோடை என்று மீனவர் சொல்வதையும் கேட்டிருப்பீர்கள். முருங்கை இலை ஒரு பிடி உருவிப் போட்ட நண்டுக் கறியும், அரிசிமாப் பிட்டும், சூடைப் பொரியலும் இருந்தால் அன்றைய மத்தியானம் முடிந்தது. அதற்குப் பிறகு யாரும் வெளியே போகக் கேட்கமாட்டார்கள்.

மகளுக்கு உறைப்பு ஆகாது என்றால் பிட்டோடு சொதி, அல்லது தேங்காய்ப்பாலும் கதலி வாழைப்பழமும். கடற்கரைக் கடையில் பாதி விலைக்கு விற்கும் சோஸ் போட்ட இறால் பொரியலைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். அந்த எண்ணெய் எத்தனை நாள் கண்டது என்று கடைக்காரருக்கே மறந்திருக்கும். இரவுக்கு ஓட்டமாவடிப் பக்கம் கொத்து ரொட்டி. தட்டும் சத்தம் கேட்கும் கடையாகப் பாருங்கள், அங்கே சுடச்சுடக் கிடைக்கும். தெருவோரம் வத்தகப்பழம் விற்றால் முழுப் பழமாக வாங்கி அறையில் வெட்டுங்கள். இளநீரும், தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி உப்புப் பக்கற்றும் பையில் இருக்கட்டும், வெயிலில் பிள்ளை சோர்ந்தால் சோடா உதவாது.

எருமைத் தயிரைப் பாசிக்குடாவிலிருந்து திரும்பும் நாள் வாங்குங்கள். சட்டியை லேசாகச் சரித்துப் பாருங்கள். மேலே ஆடை வெடிக்காமல், தயிர் ஒரே கட்டியாக ஒட்டி நிற்கவேண்டும். மண்சட்டி தண்ணீரை உறிஞ்சுவதால்தான் அந்தக் கட்டி வருகிறது. பிளாஸ்டிக் கப்பில் அது வராது. கச்சான் வெக்கையில் மத்தியானத்துக்குள் புளித்துவிடும் என்பதால் வாங்கியதும் வீடு போகவேண்டும். தேன் உண்மையானதா என்று தெரியாவிட்டால் சீனியே போதும். வீட்டுக்கு வந்தபின் பின்னேரம் காத்தான்குடிக்கு ஒருமுறை போய் மஸ்கற், தொதல் வாங்கிக்கொண்டால் அயலவர்களுக்கும் கொடுக்கலாம்.

வீட்டிலிருந்து கிளம்பும் அந்தக் கடைசி விடியற்காலைதான் எனக்குப் பிடித்த பகுதி. கயாக் வாடகைக்குக் கொடுப்பவர்கள் நகரிலேயே இருக்கிறார்கள். மகளோடு இரட்டை இருக்கைக் கயாக்கில் கணவர், மகனுக்குத் தனிக் கயாக், கூடவே வழிகாட்டி ஒருவர். பாலமீன்மடுப் பக்கம் முகத்துவாரத்தை ஒட்டிய கண்டல் ஓரமாகப் போகச் சொல்லுங்கள். சேற்றிலிருந்து பென்சில் நட்ட மாதிரி நிற்கும் மூச்சுவேர்களை மகள் கிட்டப் போய்ப் பார்க்கட்டும். முகத்துவாரம் திறந்திருக்கும் நாளில் வாய்ப் பக்கம் போகக்கூடாது, நீரோட்டம் இழுக்கும். நீங்களும் மாமியும் 1913இல் கட்டிய வெளிச்சவீட்டுப் பக்கம் நிழலில் காத்திருக்கலாம். நாட்கள் முழுநிலவோடு ஒத்துவந்தால் இரவு கல்லடிப் பாலத்தடியில் படகெடுங்கள். துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறு நுனியில் காதை வைத்தால் மீன் பாட்டுக் கேட்கும் என்பார்கள். கேட்காவிட்டாலும் மாமியிடம் சொல்லக் கதை இருக்கும்.

படகுக்காரரிடம் ஏறுமுன் நான்கு விஷயம் பேசிவிடுங்கள்: காசு ஆளுக்கா படகுக்கா, எத்தனை மணி நேரம், சிறுவர் ஜாக்கெட் உண்டா, காற்று எழுந்தால் பாதியில் திரும்பினால் எவ்வளவு. மாமியின் மருந்துப் பையும் எல்லோருடைய அடையாள அட்டையும் உங்கள் கைப்பையிலேயே இருக்கட்டும். அம்புலன்சுக்கு 1990, காசு இல்லை.