பெரு நாட்டின் குஸ்கோவில், ஜூனில் இரவு 9 மணிக்குத் தெற்கே பார்த்தும் லாமா (ஒட்டக இன விலங்கு) விண்மீன் கூட்டம் பிடிபடவில்லையா?

கோடு போட்டு நட்சத்திரங்களை இணைத்தால் லாமா கிடைக்காது. யக்கானா எனப்படும் அந்த லாமா பால்வீதிக்கு நடுவே தெரியும் கருப்புத் திட்டு, பின்னால் உள்ள ஒளியை மறைக்கும் தூசுமேகம். நீங்கள் பார்த்த நேரமும் திசையும் சரிதான். நிலாவோ ஊர் விளக்கோ கெடுத்திருக்கும்.

அமாவாசையை ஒட்டி ஊருக்கு வெளியே போங்கள். போனை அணைத்துவிட்டு 20 நிமிடம் கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள். தென்சிலுவை விண்மீன் கூட்டத்துக்கு இடப்பக்கம் பளிச்சென்று இரண்டு விண்மீன்கள் இருக்கும்: ஆல்ஃபா, பீட்டா சென்டாரி. அவைதான் லாமாவின் கண்கள். அங்கிருந்து விருச்சிகத்தை நோக்கிக் கழுத்து, அப்புறம் உடல். அடியில் பால் குடிக்கும் குட்டியும் உண்டு. அது தெரிந்தால் வானம் நிஜமாகவே நல்ல இருட்டு.

சிலுவையை ஒட்டிய கரிய திட்டு லாமா இல்லை, யுட்டு என்ற பறவை. பலர் குழம்புவது இங்கேதான்.

நள்ளிரவில் யக்கானா கடல்நீரைக் குடிக்காவிட்டால் உலகம் மூழ்கிவிடும் என்ற கதை, 1600 வாக்கில் பெருவின் தலைநகர் லிமாவை அடுத்த வாரோச்சிரி மலைப்பகுதியில் கெச்சுவா மொழியில் எழுதிவைக்கப்பட்டது. அதை அப்படியே குஸ்கோவை ஆண்ட இன்காக்களின் தலையில் கட்ட வேண்டாம்.