போர்க் காணொளிகளும் நம் பிள்ளைகளும்: கேள்வி பதில்

போன் வைத்திருக்கும் மாணவர்களிடமும் தோட்டத்து இளைஞர்களிடமும் கேள்வி கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சிலதுக்குப் பதில் இங்கே.

ஹட்டன், உயர்தர மாணவி: டீச்சர், இரவு நேரத்தில் விமானத்தைச் சுட்டு வீழ்த்தும் காணொளி வகுப்புக் குழுவில் வந்தது. உண்மையா?

நீங்கள் அனுப்பியதைப் பார்த்தேன், மகள். அது 'ஆர்மா 3' என்ற கணினி விளையாட்டுக் காட்சி. உக்ரைன் போர், காசா போர் என்று பெயர் மாற்றி மாற்றிச் சுற்றுகிறது. அதை உருவாக்கிய நிறுவனமே 2022இல் அடையாளங்களைச் சொன்னது: படம் மங்கலாக இருக்கும், ஆடும், பெரும்பாலும் இருட்டு, பல நேரம் சத்தமும் இருக்காது, மனிதர் நடமாட்டம் தெரியாது. உண்மைக் காணொளியும் இருட்டாக இருக்கலாம் என்பதால் இதோடு நிறுத்த வேண்டாம். தெளிவான மூன்று நான்கு இடங்களில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, படத்தை வைத்தே தேடித் தரும் கூகுள் லென்ஸில் தேடுங்கள். அதே காட்சி இரண்டு வருடத்துக்கு முன்பே வந்திருந்தால் விஷயம் முடிந்தது. காட்சியில் தெரியும் கடைப் பலகையின் மொழி, சொல்லப்படும் நாட்டோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள். அதுவரை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

தலவாக்கலை: வாட்ஸ்அப்பில் வந்த படத்தை வைத்து, எடுத்த தேதியைக் கண்டுபிடிக்கலாமா?

முடியாது. படமாக அனுப்பும்போதே அந்த விபரம் நீங்கிவிடும்.

மஸ்கெலியா, தோட்ட இளைஞர்: எங்களுக்கு நாட்சம்பளமே பிரச்சினை. ஈரானில் குண்டு விழுந்தால் நமக்கென்ன டீச்சர்?

தம்பி, நம் தேயிலைக் கொழுந்து எங்கே போகிறது? ஈராக், ரஷ்யா, துருக்கி, ஈரான் எல்லாம் பெரிய வாங்குநர்கள். ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கு இலங்கைக்கு 251 மில்லியன் டொலர் கடன் இருந்தது. அதைத் தேயிலையால் அடைப்பதென்று 2021 டிசம்பரில் உடன்படிக்கையே செய்தார்கள். அங்கே போர் என்றால் கப்பலும் பணமும் தடுமாறும்.

அதே இளைஞர், மறுபடி: விலை ஏறினால் கம்பனிக்கு. எங்கள் நாட்சம்பளம் ஒரு சதம்கூட ஏறாது.

பாதி சரி, தம்பி. ஏறும்போது உங்களுக்கு வருவதில்லை என்ற கோபம் நியாயமானது. ஆனால் இறங்கும்போது முதலில் குறைவது உங்கள் வேலைநாள். அதனால்தான் உண்மையான செய்தி எது என்று தெரிந்துகொள்வது உங்களுக்குத் தேவை என்கிறேன்.

பண்டாரவளை, தகப்பன் ஒருவர்: அந்தத் தம்பி சொல்வதுதான் சரி. பிள்ளைகள் பயந்து தூங்குவதில்லை. இதெல்லாம் பார்க்கவே விடக்கூடாது.

அண்ணன், பயத்தை நான் குறைத்துப் பேசவில்லை. இரவு படுக்குமுன் பார்க்க வேண்டாம் என்றால் ஒத்துக்கொள்கிறேன். முழுதாகத் தடுத்தால் ஒளித்துப் பார்ப்பார்கள், கேட்க ஆள் இருக்காது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் பிள்ளை பிறக்காமல் செய்யும் மாத்திரை கலந்ததாக ஒரு காணொளி ஓடியது. பரிசோதனையில் அது வெறும் மாக்கட்டி என்று தெரிந்தது. அதற்குள் கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டுவிட்டன. அடுத்த மாதம் நம் கண்டிப் பக்கம், திகனையில் வேறொரு சம்பவத்தில் தொடங்கிய கலவரத்தை முகநூலும் வாட்ஸ்அப்பும் ஊதிப் பெருக்கின. அரசாங்கம் அவற்றையே முடக்கியது. 2020இல் முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. எரிந்த கடைக்காரருக்கு அதனால் என்ன பயன்? அனுப்பியவர்களில் பலர் நம் பிள்ளைகளைப் போல நல்லவர்கள்தான். பார்த்த கையோடு அனுப்பினார்கள், அவ்வளவுதான்.

நானுஓயா: மூன்றாம் உலகப் போர் வருமா?

இதைக் கேட்கும் நான்காவது ஆள் நீங்கள். யாருக்கும் தெரியாது. தேதி சொல்லும் யூடியூப் சேனலைப் பார்ப்பதை விட்டுவிடுங்கள்.

கொட்டகலை: இந்தக் காணொளி உண்மையா? (இணைப்பு மட்டும்)

முதல் பதிலைப் படியுங்கள். லென்ஸில் தேடிவிட்டு, கிடைத்ததோடு வாருங்கள்.

பதுளை: ரஷ்யாவில் பாதுகாப்பு வேலை, பெரிய சம்பளம் என்று விளம்பரம். அண்ணன் போகப் பார்க்கிறார்.

தங்கச்சி, இதுதான் இன்றைக்கு வந்ததில் அவசரமான கேள்வி. நம் நாட்டு முன்னாள் இராணுவத்தினர் பலரை வேலை என்று சொல்லிக் கூட்டிப்போய் உக்ரைன் போரில் இறக்கியது 2024இல் வெளிச்சத்துக்கு வந்தது. சிலர் உயிரோடு திரும்பவில்லை. முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் கேளுங்கள், இலக்கம் 1989. கேட்டு முடியும்வரை பாஸ்போர்ட்டை அண்ணன் யார் கையிலும் கொடுக்க வேண்டாம்.