இடிக்கும் பட்டாசுக்கும் நடுங்கும் நாயைத் தடவிக் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் நாய்க்கு நான்கு வயது. இடி இடித்தாலும் பட்டாசு வெடித்தாலும் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டு நடுங்குகிறது. நான் அதை இழுத்து மடியில் வைத்துத் தடவிக் கொடுப்பேன். "கொஞ்சினால் பயம் இன்னும் கூடும், கண்டுகொள்ளாதே" என்கிறார் என் மாமியார். யார் சொல்வது சரி?

தடவிக் கொடுப்பதால் பயம் அதிகமாகாது. அந்த அளவில் நீங்கள் செய்வது சரி. ஆனால் ஒளிந்த இடத்திலிருந்து இழுத்து எடுக்கிறீர்களே, அதை இன்றோடு நிறுத்துங்கள். உங்கள் மாமியார் சொல்வதையும் நான் தள்ளிவிடமாட்டேன். நீங்கள் மடியில் இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க நடுக்கம் கூடியதை அவர் கண்ணால் பார்த்திருப்பார். அவர் பார்த்தது உண்மை, காரணம்தான் வேறு. பயத்தைக் கூட்டியது கொஞ்சல் இல்லை, இறுக்கிப் பிடித்தது.

உட்காரச் சொல்லி பிஸ்கட் கொடுத்தால் உட்காரும் பழக்கம் வளரும். நடுங்கும்போது பிஸ்கட் கொடுத்தால் நடுக்கம் வளராது. நடுக்கம் நாய் நினைத்துச் செய்கிற காரியம் இல்லை, அதன் உடம்பு தானாகச் செய்வது. அந்த உடம்பை அடக்கப் பக்கத்தில் இன்னொரு அடங்கிய உடம்பு வேண்டும். கை அப்புறம்தான்.

இதை நான் நாயிடம் கற்கவில்லை, மாட்டிடம் கற்றேன். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், வளர்ந்தவள் நான். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினவர்கள், அதாவது ரப்பர் பாலுக்காகப் பட்டையைச் சீவினவர்கள். லயத்துக்குப் பின்னால் அம்மா இரண்டு பசு வைத்திருந்தார். பால் கறக்க உட்காரும் முன் இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடாக்குவார். பசுவின் கழுத்துக்குக் கீழே தொங்கும் தாடியை மேலிருந்து கீழாக நாலைந்து தடவை வருடுவார். ஒருநாள் வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில், மேற்பார்வை பார்க்கும் மண்டோரோடு வாய்ச்சண்டை போட்டுவிட்டு வந்து அப்படியே உட்கார்ந்தார். அரை வாளி கூட வரவில்லை. "நான் கோபத்தோட உக்காந்தேன், அது பால அடக்கிடுச்சு" என்று எழுந்துவிட்டார். கொஞ்ச நேரம் வாசலில் இருந்துவிட்டுத் திரும்பப் போனார். பசு பாலை விட்டது.

பின்னாளில் படித்தபோதுதான் அம்மா சொன்னதற்குப் பெயர் இருப்பது தெரிந்தது. மடியில் பால் இறங்குவதற்கு ஆக்சிடோசின் என்ற சுரப்பு வேண்டும். மாடு மிரண்டால் அட்ரினலின் சுரந்து அதைத் தடுத்துவிடும். இதே ஆக்சிடோசின்தான் நாயைத் தடவும்போது நாய்க்கும் நமக்கும் கூடுகிறது. 2003-இல் தென்னாப்பிரிக்காவில் 18 பேரையும் 18 நாய்களையும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அமைதியாகத் தடவிக்கொண்டிருந்தபோது இரண்டு பக்கமும் இரத்த அழுத்தம் இறங்கியது, ஆக்சிடோசின் ஏறியது.

இனி என் நாய் செவலையைப் பற்றிச் சொல்கிறேன். தோட்டம் கைமாறி, ரப்பரை அழித்து, பாமாயில் தரும் செம்பனை வைத்தார்கள். லயத்தை இடித்தார்கள். ஆட்கள் டவுன் பக்கம் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளுக்குப் போனார்கள். நாய்கள் பல அங்கேயே நின்றுவிட்டன. அதில் ஒன்றுதான் இவள். வந்த புதிதில் நான் கீழே விழுந்த துடைப்பத்தை எடுக்கக் குனிந்தால்கூட ஓடிவிடுவாள். தோட்டத்து நாய்க்கு மனிதர் குனிந்தால் அடுத்தது கல்தான். இடி இடிக்கும்போது வீட்டுச் சிமெண்ட் தரையில் அவள் நடந்த இடமெல்லாம் ஈரமான பாத அச்சு தெரியும். நாய்க்கு வியர்ப்பது பாதத்தில். மழைக்கு முன்பு, தரை காய்ந்திருக்கும்போதே அந்த அச்சைப் பார்த்து, இவளுக்குப் பயம் வந்துவிட்டது என்று கண்டுகொள்வேன்.

அம்மா இறந்த வாரம் நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். தூக்கம் இல்லை, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு மத்தியானம் இடி இறங்கியது. செவலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தலையிலும் முதுகிலும் வேகவேகமாகத் தடவினேன். அவளுக்கு ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தேன். அவள் உதட்டை நக்கினாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பினாள். கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தாள். தூக்கமே இல்லாத நேரத்தில் கொட்டாவி விட்டாள். இந்த நான்குமே "போதும், விடு" என்று நாய் கேட்பது. எனக்கு அன்று புரியவில்லை. அவள் என் கையிலிருந்து நழுவிப் போய்க் குளியலறையில் படுத்துக்கொண்டபோது, இவளுக்குக்கூட நான் வேண்டாமா என்று அழுதேன்.

அப்பா பேசாமல் எழுந்து போய்க் குளியலறை வாசலில், அவளுக்கு முதுகைக் காட்டி, பக்கவாட்டில் உட்கார்ந்தார். பார்க்கவில்லை, கூப்பிடவில்லை. சும்மா மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் இருக்கும். அவள் நகர்ந்து வந்து அவர் இடுப்பில் உடம்பைச் சாய்த்தாள். அப்போதுதான் கையை எடுத்து அவள் மார்பின் பக்கவாட்டில் வைத்தார். முப்பது வருடம் கத்தி பிடித்துக் காய்த்த கை அது. ஆனால் மரத்துக்குக் காயம் படாமல் பட்டையை மட்டும் சீவிய கை. அது எவ்வளவு மெதுவாக நகர்ந்தது என்பதை அன்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்த வேகம் முக்கியம். மயிர் உள்ள தோலில், மெல்லிய வருடலை மட்டும் எடுத்துச் செல்லும் நரம்பிழைகள் உண்டு. மனிதர்களிடம் அளந்ததில் விநாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வரை நகரும் தொடுகைக்குத்தான் அவை நன்றாக எழுகின்றன. 3 சென்டிமீட்டர் வாக்கில் மிக நன்றாக. செவலையின் தோளிலிருந்து இடுப்பு வரை 45 சென்டிமீட்டர். அப்படியென்றால் ஒரு வருடலுக்கு 15 விநாடி. இன்று இரவு கடிகாரத்தைப் பார்த்துச் செய்து பாருங்கள். நாம் எல்லோரும் எவ்வளவு அவசரமாகத் தடவுகிறோம் என்று தெரியும்.

தலைக்கு மேல் கையைக் கொண்டுபோகாதீர்கள். மார்பின் பக்கம், தோள், காதின் அடிப்பகுதி, இங்கே தொடங்குங்கள். உள்ளங்கை முழுதும் படட்டும், தட்ட வேண்டாம். இரண்டு மூன்று வருடலுக்குப் பிறகு கையை எடுத்துவிடுங்கள். நாய் சாய்ந்தாலோ மூக்கால் கையைத் தள்ளினாலோ தொடருங்கள். அசையாமல் விறைத்து நின்றால் அது சம்மதம் இல்லை. எழுந்து போனால் போகவிடுங்கள். போகலாம் என்று தெரிந்த நாய்தான் திரும்பி வரும்.

கை வைக்கும் முன் உங்கள் மூச்சைப் பாருங்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. மூச்சை உள்ளே இழுப்பதைவிட நீளமாக வெளியே விட்டால் மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு இறங்கும். அது நம் தோளிலும் விரலிலும் தெரியும். நம் பதற்றத்தை நாய் வாசனையிலேயே கண்டுபிடித்துவிடும். 2022-இல் பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் 36 பேருக்குக் கடினமான மனக்கணக்கு கொடுத்து, கணக்குக்கு முன்னும் பின்னும் அவர்களின் வியர்வையையும் மூச்சையும் எடுத்து, பழக்கப்படுத்திய 4 நாய்களிடம் கொடுத்தார்கள். பதற்றத்துக்குப் பிறகு எடுத்ததை நாய்கள் மிகப் பெரும்பாலும் சரியாகக் காட்டின. 2019-இல் சுவீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தார் 58 நாய்களின் மயிரிலும் அவற்றை வளர்ப்பவர்களின் முடியிலும் மன அழுத்தத்தில் கூடும் கார்டிசால் என்ற சுரப்பை அளந்தார்கள். வளர்ப்பவருக்கு நாள்பட்ட மன அழுத்தம் கூட இருந்த இடத்தில் நாய்க்கும் கூட இருந்தது. இதைப் படித்தபோது அம்மா இறந்த அந்த மாதங்கள்தான் நினைவுக்கு வந்தன. செவலைக்கும் அந்த மாதங்கள் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

தொடுகை எல்லாவற்றுக்கும் மருந்தில்லை. வழக்கமாகத் தொடவிடும் நாய் திடீரென்று ஒரு இடத்தில் தொட்டால் உறுமினால் அங்கே வலி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் உண்ணிக்காய்ச்சலும் சாதாரணம், அதனால் தடவும்போதே காதுமடலுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பயத்தில் கதவைப் பிறாண்டி நகம் உடையும் அளவுக்குப் போனால் மிருக வைத்தியரிடம் கேளுங்கள். பயத்தை இறக்கும் மருந்து நாய்க்கென்று இருக்கிறது. நாம் போடும் தூக்க மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் வேலை மட்டும் வேண்டாம். தெருவில் பழக்கமில்லாத நாய் நடுங்குகிறது என்று கை நீட்டவும் வேண்டாம். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் வெறிநாய்க்கடி நோய் வந்ததை நாம் பார்த்தோம்.

தீபாவளி வரும் அக்டோபர், நவம்பர் நமக்குப் பருவக்காற்று மாறுகிற காலம். மத்தியானம் இடி, ராத்திரி பட்டாசு. ஆகையால் அமைதியான நாட்களிலேயே, சத்தம் எதுவும் இல்லாத மாலையில், தினம் பத்து நிமிடம் அந்த வருடலைப் பழக்கிவிடுங்கள். பயம் வந்த நேரத்தில் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள எந்த உடம்பாலும் முடியாது. தீபாவளியன்று கட்டிலுக்கடியில் நீங்கள் உடுத்திய பழைய கைலி ஒன்றைப் போட்டு வையுங்கள், சன்னலை மூடி, காற்றாடியை வேகமாக ஓடவிடுங்கள். கேட்டைப் பூட்டுங்கள். சத்தத்துக்குப் பயந்து வெளியே ஓடுகிற நாய் வழி தெரியாமல் போய்விடும், நகராண்மைக் கழகத்தின் நாய் பிடிக்கும் வண்டியிலும் ஏறிவிடும்.

பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில், முதுகைக் காட்டித் தரையில் உட்காருங்கள். கையைப் பக்கத்தில் தரையில் விட்டுவையுங்கள். கால் மணி நேரம் ஆகலாம், முதல் தடவை வராமலே போகலாம். உங்கள் மாமியாரையும் கட்டில் ஓரத்தில் உட்காரச் சொல்லுங்கள். நாய் அவரிடம் முதலில் வந்து சாய்ந்தால், அவர் கையையே தடவ விடுங்கள்.