வட்டாவும் ஒட்டுப்போட்ட வாளியும்

அன்புள்ள ஐயா,

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். எங்கள் ஊர் வாசிகசாலையின் பின்னறையில் வீட்டுப் பாவனைப் பொருள்களை வைத்து ஒரு நூதனசாலை தொடங்கியிருக்கிறோம். உரல், சுளகு, தேங்காய்த் திருவலை, நெல் அளக்கும் மரைக்கால், பன்பாய், தயிர்முட்டி என்று அறை நிறைந்துவிட்டது. வருகிறவர்களோ, "இது எங்கட வீட்டிலயும் கிடக்குதே" என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள். வெற்றிலை வைத்து நீட்டும் பித்தளை வட்டா ஒன்றுகூட ஊரில் அகப்படவில்லை. பழைய பொருள் விற்கும் ஒருவர் ஐந்து வட்டா தருவதாகச் சொல்கிறார். அகமதாபாத்தில் வேச்சார் என்ற பாத்திர நூதனசாலை இருப்பதாக வாசித்தேன். அங்கும் வாங்கித்தானே சேர்த்திருப்பார்கள்? நாங்களும் வாங்கலாமா? பிள்ளைகளைத் தொட விடலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள ரீச்சர்,

வாங்க வேண்டாம்.

எங்கள் வீட்டில் ஒரு வட்டா இருந்தது. அம்மாவுக்கு அம்மம்மா கொடுத்தது. நம் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தானே. வீட்டோடு குசினியும், குசினியோடு பித்தளையும் பெண்வழியே இறங்கிவரும். கலியாணத்துக்குச் சொல்லப் போனாலும் சரி, வந்தவரை வரவேற்றாலும் சரி, வட்டாவில் வெற்றிலை வைத்து நீட்டினால்தான் மரியாதை. 1978 நவம்பர் 23 சூறாவளியில் எங்கள் கூரை போனது. விழுந்த சுவருக்கு அடியிலிருந்து வட்டாவைக் கால் நெளிந்தபடி எடுத்தோம். அதற்குப் பிறகு அது ஒரு பக்கம் சரிந்துதான் நிற்கும். பாக்கையெல்லாம் மற்றப் பக்கம் குவித்து அம்மா அதைச் சமன் செய்வா. தட்டி நிமிர்த்தித் தரட்டா என்று கேட்டவர்களிடம், "கிடக்கட்டும் மனே" என்று சொல்லிவிடுவா. 1990 இல் அதை அரிசிக்காக விற்றோம். வாங்க வந்தவர் தராசில் போட்டார். நெளிந்த காலுக்கு விலை குறையவுமில்லை, கூடவுமில்லை. நிறைதான் கணக்கு.

சில வருடங்களுக்கு முன் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் மூன்று வட்டா பார்த்தேன். மினுக்கி, பிளாஸ்டிக் பூ நிரப்பி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாகக் குனிந்து கால்களைப் பார்த்தேன். காவலாளிக்கு என்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

உங்களுக்கு வரப்போகும் ஐந்தும் அப்படித் தராசேறியவையாகத்தான் இருக்கும். யார் வீட்டிலிருந்து வந்தவை என்று விற்பவருக்கே தெரியாது. அவற்றை வாங்கி வைத்தால், உங்கள் ஊரில் வட்டாக்கள் பத்திரமாக இருந்தன என்று அந்த அறை பொய் சொல்லும். அதற்குப் பதிலாக, பொருள் வைக்கும் தட்டுகளில் ஒன்றை வெறுமையாக விடுங்கள். வட்டா வைத்திருந்த வீடுகள் எவை, எந்த வருடம் போனது, எதற்காகப் போனது என்று கேட்டு, அவர்கள் சம்மதித்தால் மட்டும், அந்தத் தட்டில் எழுதி வையுங்கள். கேட்க வேண்டியது அம்மாமாரிடம். பெரிய வயற்காரரான போடியார் வீட்டு ஆண்களிடம் கேட்டால் வயலின் கதைதான் வரும்.

வேச்சாரை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். சுரேந்திர பட்டேல் 1981 இல் அதைத் திறந்திராவிட்டால் எத்தனையோ பாத்திரங்கள் உருக்கும் உலைக்குப் போயிருக்கும். அங்கே போகிறவர் குடத்தின் கழுத்தையும் பாத்திரம் செய்த கன்னார் கையின் நேர்த்தியையும் பார்த்து வியப்பார். உங்கள் அறைக்கு வருகிறவர் ஆளைத் தேடி வருகிறார். "எங்கட வீட்டிலயும் கிடக்குதே" என்பதை ஏன் குறையாக எடுக்கிறீர்கள்? அந்த ஆளை இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, உங்கட வீட்டில் கிடப்பதை யார் வாங்கியது, இப்போது எதற்குப் பாவிக்கிறீர்கள் என்று கேளுங்கள். (நூதனம் என்றால் புதுமை. பழையதை வைக்கும் இடத்துக்கு இந்தப் பெயரை யார் வைத்தார்களோ, உங்கள் அறைக்கு அது பொருந்தத்தான் செய்கிறது.)

இன்னொன்று. உங்கள் பட்டியல் அம்மம்மா காலத்தோடு நின்றுவிட்டது. 2004 சுனாமிக்குப் பிறகு வாவிக்குக் கிழக்கே கடல் பக்கமான எழுவான்கரையிலும், 2007 யுத்த இடப்பெயர்வுக்குப் பிறகு உங்கள் பக்கத்திலும் ஒரு வீட்டின் முதல் சாமான் என்னவாக இருந்தது? நிவாரணத்தில் வந்த பிளாஸ்டிக் வாளி, தறப்பாள், ஒரு அலுமினியச் சட்டி. என் பெரியம்மா வீட்டில் அப்படியொரு வாளி இன்றைக்கும் இருக்கிறது. வெடித்த இடத்தைச் சூடாக்கிய கரண்டிக்காம்பால் உருக்கி, இன்னொரு பிளாஸ்டிக் துண்டை வைத்து ஒட்டியிருக்கிறா. தழும்பு மாதிரித் தடித்துக் கிடக்கும். இப்போது அதில் தண்ணீர் அள்ளுவதில்லை, கோழித்தீன்தான். கேட்டுப் பார்த்தேன், தரமாட்டாவாம். அப்படிப்பட்டவர்களிடம் பொருளைக் கேட்காதீர்கள். ஒரு படம் எடுத்து, அவர் சொன்னதை எழுதி மாட்டுங்கள், போதும்.

மரைக்காலுக்குப் பக்கத்தில் சொற்களையும் வையுங்கள். வயலின் பரப்பையே விதைநெல்லால் அளந்து, இத்தனை அவணம் என்று சொன்ன ஊர் இது. சூடடிக்கும் களவெட்டியில் நெல்லை நெல்லென்று சொல்லாமல் பொலி என்றுதான் சொல்வார்கள். இயந்திரம் வந்து வெட்டி, அடித்து, மூட்டையாகத் தந்துவிட்டுப் போகிற இந்தக் காலத்தில் அந்தப் பேச்சுக்கும் ஒரு தட்டு வேண்டும்.

பராமரிப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பன்பாயை நிலத்தில் வைக்காதீர்கள், கறையான் ஏறிவிடும். படிக்கம், செம்பு கிடைத்தால் புளி போட்டு மினுக்க வேண்டாம். ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் பித்தளை போகும், அதோடு பாவித்த கையின் அடையாளமும் போகும். இலக்கத்தைப் பொருளின்மேல் பெயின்றால் எழுதாமல் சீட்டில் எழுதி நூலால் கட்டுங்கள்.

பிள்ளைகள் தொடட்டும். உரலில் ஒரு கைப்பிடி நெல் போட்டு உலக்கையால் குத்திப் பார்க்கட்டும், சுளகில் புடைத்து அறையெல்லாம் உமி பறக்கட்டும். திருவலைக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு பெரியவர் நிற்க வேண்டும். என் இடது கைப் பெருவிரலில் அதன் பல் பட்ட இடம் இன்னும் இருக்கிறது.