வேர் ஒன்று, நுனி வேறு: முடியின் போராசிட்டி பற்றிச் சில கேள்விகள்

முடி தண்ணீரை எவ்வளவு சுலபமாக உள்ளே விடுகிறது, உள்ளே போனதை எவ்வளவு நேரம் வைத்திருக்கிறது என்பதையே போராசிட்டி என்கிறோம். ஷாம்பு, கண்டிஷனர் தயாரிப்பில் பல ஆண்டுகள் இருந்தவள் என்பதால் இந்தக் கேள்விகள் என்னிடம் வந்தன.

கேள்வி: அக்கா, டம்ளர் தண்ணீரில் என் முடியைப் போட்டேன், மிதந்தது. அம்மாவின் முடி மூழ்கிவிட்டது. எனக்குப் போராசிட்டி குறைவு, அம்மாவுக்கு அதிகம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். முடியில் இருக்கும் கெரட்டின் என்ற புரதம் தண்ணீரைவிடக் கனமானது. தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் அதனுடையது சுமார் 1.3. நியாயமாகப் பார்த்தால் எல்லா முடியும் மூழ்கத்தான் வேண்டும். மிதக்க வைப்பது தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசை. நேற்றுத் தடவிய சீரம் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் முடி அசையாமல் மேலேயே கிடக்கும். அம்மா அன்று காலையில்தான் தலைக்குக் குளித்தாரா என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் வீட்டில் எப்படித்தான் கண்டுபிடிப்பது?

பதில்: ஷாம்பு மட்டும் போட்டு அலசுங்கள். கண்டிஷனர், எண்ணெய் எதுவும் வேண்டாம். முடி தானாகக் காய்ந்ததும் ஒரு கற்றையைப் பிரித்து, வேர்ப் பக்கத்திலும் நுனியிலும் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். பலருக்கு வேர்ப் பக்கம் துளிகள் முத்து முத்தாக உருண்டு நிற்கும். நுனியில் பட்டதும் பரவி, முடி கறுத்து ஈரமாகிவிடும். ஒரே இழையில் இரண்டு குணம்!

இதை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம். முடியின் வெளிப்புறத்தில் 5 முதல் 10 அடுக்குச் செதில்கள், கூரை ஓடுபோல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. ஒவ்வொன்றின் தடிமனும் ஏறத்தாழ அரை மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. புதிதாக முளைத்த முடியில் அந்தச் செதில்களின்மேல் 18-மெத்தில் ஐகோசனாயிக் அமிலம் என்ற கொழுப்பு மெல்லிய படலமாகப் பிணைந்திருக்கும். தண்ணீரை உருட்டிவிடுவது அதுதான். வெயில், சீப்பு, சூடு, சாயம் எல்லாம் சேர்ந்து அதைத் தேய்த்துவிடும். முடியின் நிறத்தை நீக்கும் பிளீச் ஒரே தடவையில் பெரும்பகுதியை உரித்துவிடும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான் வளர்கிறது. 36 சென்டிமீட்டர் முடி என்றால் அதன் நுனிக்கு வயது மூன்று. மூன்று ஆண்டுகள் உடுத்திய துணியும் புதுத்துணியும் ஒன்றுபோல் நனையுமா? அதனால் "உங்களுடையது எந்த வகை?" என்று யாராவது கேட்டால், "எந்த இடத்தில்?" என்று திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: என் முடியில் தண்ணீர் ஏறவே நேரமாகிறது. எதைத் தடவினாலும் பிசுபிசுவென்று மேலேயே நிற்கிறது. என்ன செய்ய?

பதில்: உங்களுக்கு இருப்பது பெரும்பாலும் ஆரோக்கியமான முடி, கூடவே அளவுக்கு மீறிய தடவல். முதலில் படிவு நீக்கும் ஷாம்புவால் ஒருமுறை நன்றாக அலசுங்கள். பிறகு கண்டிஷனரைப் பாதியாகக் குறைத்து, ஈரமுடியில், காது மட்டத்துக்குக் கீழே மட்டும் தடவுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் உதவும். ஷியா பட்டர் போன்ற, தலையில் தடவும் கெட்டியான வெண்ணெய் வகைகளைத் தள்ளிவையுங்கள்.

கேள்வி: மேடம், இரண்டு முறை பிளீச் செய்துவிட்டேன். நனைத்தால் ரப்பர்போல் இழுபடுகிறது, காய்ந்தால் வைக்கோல். பழைய நிலைக்குக் கொண்டுவர முடியுமா?

பதில்: முடியாது. முடி உயிரற்ற பொருள், தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளாது. இன்னும் கெடாமல் பார்த்துக்கொண்டு, புதுமுடி வளர வளர நுனியை வெட்டிவருவதுதான் வழி.

ஆனால் கண்டிஷனர் உங்களுக்குத்தான் அதிகம் உழைக்கும். பிளீச் பட்ட இடத்தில் எதிர்மின்னூட்டம் கூடிவிடுகிறது. கண்டிஷனரில் இருப்பது நேர்மின்னூட்டப் பொருள். சேதம் எங்கே மிகுதியோ அங்கே தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு குளியலுக்கும் கட்டாயம் போடுங்கள். குளிப்பதற்கு முன் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுவதும் பலன் தரும். அதிலுள்ள லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு என்பதால் முடிக்குள் நுழைகிறது. அலசும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது. 2003இல் வெளியான ஓர் ஆய்வில் சூரியகாந்தி எண்ணெயும் மினரல் ஆயிலும் இந்த வேலையைச் செய்யவில்லை. ஈரத்தில் சிக்கெடுக்கும்போது அகலப் பல் சீப்பால் நுனியில் தொடங்கி மேலே வாருங்கள். ரப்பர்போல் நீளும் முடியை இழுத்துச் சடை போடாதீர்கள்.

கேள்வி: கடைசியாகக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் செதில்கள் மூடிக்கொள்ளுமாமே?

பதில்: செதில்கள் கதவு அல்ல, திறந்து மூடுவதற்கு. குளிர்ந்த நீர் உடம்பைச் சிலிர்க்க வைக்கும், அவ்வளவுதான். செதில்களைப் படியவைக்க உதவுவது லேசான அமிலத்தன்மை; அது பெரும்பாலான கண்டிஷனர்களிலேயே இருக்கிறது. சமையல் சோடாவால் தலை அலசுவது நேர் எதிரான வேலை. அது காரத்தன்மை உள்ளது, முடி வீங்கிச் சொரசொரப்பாகிவிடும்.

கேள்வி: போராசிட்டி அதிகம் என்று வாரம் மூன்று முறை புரத மாஸ்க் போட்டேன். இப்போது முடி விறைப்பாகி, ஒடிகிறது.

பதில்: நிறுத்துங்கள். புரதம் முடியின்மேல் படலமாகப் படிகிறது. அளவாக இருந்தால் முடிக்குத் தெம்பு, மிஞ்சினால் கஞ்சி போட்ட துணி. நாலைந்து குளியலுக்குச் சாதாரண கண்டிஷனர் மட்டும் போதும். அதன்பின் தேவைப்பட்டால் மாதம் ஒருமுறை புரத மாஸ்க் போடுங்கள்.

கேள்வி: சுருள்முடி என்றாலே போராசிட்டி அதிகம்தானே?

பதில்: இல்லை. சுருள் என்பது முடியின் வடிவம். போராசிட்டி அதன் வெளிச்செதில்களின் நிலை. ஒன்றை வைத்து மற்றதைச் சொல்ல முடியாது.

கேள்வி: அவசரத்துக்கு ஈரமுடியிலேயே ஸ்ட்ரெயிட்னர் வைப்பேன். "சுர்" என்று ஒரு சத்தம் வருகிறது. பயப்பட வேண்டுமா?

பதில்: பயப்படத்தான் வேண்டும். அது உள்ளே இருக்கும் தண்ணீர் கொதிக்கும் சத்தம். நீராவி வெளியேற வழியில்லாமல் முடிக்குள்ளேயே குமிழிகளை உண்டாக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் தண்டில் வரிசையாகக் குழிகள் தெரியும். முடி ஒடிவதும் அந்த இடத்தில்தான். உங்கள் நுனி அதிகம் நீர் உறிஞ்சுவதாக இருந்தால் ஆபத்தும் அதிகம். முழுக்கக் காய்ந்த பிறகு, வெப்பப் பாதுகாப்பு திரவம் தடவி, குறைந்த சூட்டில், ஒரு கற்றைக்கு ஒரே இழுப்பு. நேரமில்லாத நாளில் கொண்டை போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.