வேலையில் அடிபட்டால்: இழப்பீட்டு மனுவா, நஷ்டஈட்டு வழக்கா?

பவர் பிரஸ்ஸில் (தகடுகளை அழுத்தி வெட்டும் இயந்திரம்) உங்கள் தம்பியின் கட்டைவிரல் போய்விட்டது. இழப்பீட்டு மனு போடுவதா, சிவில் நீதிமன்றத்துக்குப் போவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அவருக்கு ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதலாளி மீது இரண்டு வழியும் கிடையாது. ஊனப் பலனை ஈ.எஸ்.ஐ. தான் தரும்.

இல்லையென்றால், பெரிய வேறுபாடு தவறு யாருடையது என்பதில் இருக்கிறது. சிவில் வழக்கில் முதலாளியின் கவனக்குறைவை நீங்கள் நிரூபிக்க வேண்டும். 1923ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த தொழிலாளர் இழப்பீட்டில் அது தேவையே இல்லை. வேலையின்போது, வேலையால் நேர்ந்த விபத்து என்று காட்டினால் போதும். “நீதான் கவனமாக இல்லை” என்று மேற்பார்வையாளர் சொன்னால் தம்பி தலைகுனிய வேண்டாம். குடித்திருந்தாலோ, பாதுகாப்புத் தடுப்பை வேண்டுமென்றே கழற்றியிருந்தாலோதான் சிக்கல்.

தொகைக்குக் கணக்கு உண்டு. வயது 30, மாதச் சம்பளம் 15,000 ரூபாய் என்று வையுங்கள். அதில் 60 சதவீதம் 9,000. அதை, சட்ட அட்டவணையில் 30 வயதுக்குரிய காரணியான 207.98ஆல் பெருக்கினால் 18,71,820. கட்டைவிரல் இழப்பு 30 சதவீதம் என்பதால் கிடைப்பது 5,61,546 ரூபாய். சிகிச்சைச் செலவு தனி.

வலிக்கும் மன வேதனைக்கும் இதில் ஒரு பைசா இல்லை, அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. சிவில் வழக்கில் அவற்றையும் கேட்கலாம். ஆனால் தம்பியின் பிழையும் இருந்தால் தொகை குறையும், ஆண்டுக்கணக்கில் இழுக்கும்.

இரண்டையும் சேர்த்துக் கேட்க முடியாது. இழப்பீட்டு மனுவுக்குக் கெடு 2 ஆண்டுகள். மருத்துவமனைச் சீட்டில் “பிரஸ்ஸில் அடிபட்டது” என்று எழுதியிருக்கிறதா என இன்றே பாருங்கள்.